சுவர் இருந்தால்தான் சித்திரம்

தலைமை வகிக்கும் பெரியவர் அவர்களே, கனிவான வரவேற்புரை நல்கிய தலைமையாசிரியை அவர்களே, ஆண்டுதோறும் இந்த மன்றத்தை விடாமல் நடத்திவரும் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மருத்துவப் பெருமக்களே, இடமில்லாமல் பின்னால் நின்று கேட்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

தன்னை ஏற்றுக்கொள்வது பற்றிப் பேசச் சொன்னார்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம். நம் மனம் என்ற அந்தச் சுவரை நாமே தினமும் இடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆவது? உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003-இல், தன்னிடம் பரிவாக இருப்பதற்கு மூன்று கூறுகள் சொன்னார்: தன்னிடம் கனிவு, சறுக்காத மனிதர் இல்லை என்ற உணர்வு, வலியை மறைக்காமலும் பெரிதாக்காமலும் உள்ளபடி பார்ப்பது. நேரம் கருதி, இன்று முதல் கூறான கனிவை மட்டும் பார்க்கலாம்.

ஒரு கல்லூரிப் பயிற்சி வகுப்பு. தேர்வில் தோற்ற தோழிக்குக் கடிதம் எழுதச் சொன்னேன். ஒரு மாணவி பக்கம் நிறைய எழுதினாள். “சாப்பிட்டியாடி? ஒரு பேப்பர் போனா நீ போயிட்டியா? அடுத்த தடவை சேர்ந்து படிப்போம்.” வாசித்தபோது வகுப்பே கண்கலங்கியது. “சரிம்மா, தோழி பெயரை அடித்துவிட்டு உன் பெயரை எழுது” என்றேன். பேனாவை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். “முடியல சார். எனக்கு அதுக்குத் தகுதி இல்ல.”

யார் சொன்னது என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்தாள். ஏழாம் வகுப்பில் விடைத்தாளை மதிப்பெண் வரிசைப்படி, எல்லார் முன்னாலும் வாசித்துக் கொடுப்பார்களாம். இவள் பெயர் எப்போதும் கடைசியில் வருமாம். “அந்தக் குரல்தான் சார் இன்னும் உள்ள கேக்குது.”

இதனால்தான் போகிற மேடையெல்லாம் கேட்கிறேன்: விடைத்தாளை மதிப்பெண் வரிசையில் வாசித்துக் கொடுக்காதீர்கள். கண்டிக்காவிட்டால் பிள்ளை சோம்பேறியாகும் என்பார்கள். பிரைன்ஸ், சென் என்ற இரு ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். கடினமான தேர்வில் தோற்றவர்களில், தன்னிடம் பரிவாக இருக்கும்படி தூண்டப்பட்டவர்களே அடுத்த தேர்வுக்குக் கூடுதல் நேரம் படித்தார்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் சுவரில் கடப்பாரை போட நமக்கு என்ன உரிமை?

வாசலருகே இதற்கான கோரிக்கை மனு இருக்கிறது, அனைவரும் கையெழுத்திடுங்கள். தலைமையாசிரியை அம்மா, உங்கள் பள்ளியில் அடுத்த தேர்விலிருந்தே விடைத்தாளை மடித்து, அவரவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.