எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை: டீ ரீஸின் 'பரையா' படம்

வணக்கம், எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? இன்றைக்கு ஒரே ஒரு படம்தான். 2011இல் வந்த அமெரிக்கப் படம், டீ ரீஸ் எழுதி இயக்கியது, பெயர் 'பரையா'. அந்தப் பெயரைப் பற்றிப் பேசாமல் விட முடியாது, ஆனால் கொஞ்சம் பொறுங்கள், முதலில் படத்துக்குள் போய்விடுவோம். கதை முழுவதையும் சொல்லப்போகிறேன், அதனால் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், மொத்தமே 86 நிமிடம்.

புரூக்ளினில் அலீகே என்று 17 வயதுக் கறுப்பினப் பெண். ராத்திரி கிளப்புக்குப் போய்விட்டு பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்புகிறாள். தொளதொளவென்று ஒரு சட்டை, தலையில் தொப்பி, பையன்கள் போடுகிற மாதிரி. பஸ்ஸில் தனியாக ஆனதும் தொப்பியைக் கழற்றுகிறாள், மேலே போட்டிருந்த சட்டையைக் கழற்றுகிறாள், காதில் கம்மலை மாட்டுகிறாள். அவ்வளவுதான் காட்சி. அதில் ஒரு அவசரமோ பதற்றமோ கிடையாது, நாம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி செய்கிறாள், எத்தனை ராத்திரி இதே வேலையைச் செய்திருந்தால் கை இப்படிப் பழகியிருக்கும் என்று எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. காலையில் பள்ளிக்கூடத்தில் இதுவே தலைகீழாக நடக்கும், அம்மாவுக்காகப் போட்டுக்கொண்டு வந்த உடையைக் கழிவறைக்குள் போய் மாற்றிக்கொள்வாள்.

தான் ஒரு லெஸ்பியன் என்பதில் அலீகேவுக்குக் குழப்பமே இல்லை, படம் தொடங்கும்போதே அவளுக்கு அது தெரியும். வீட்டில் இருக்கிற மற்ற மூன்று பேருக்கும்கூடத் தெரியும். அம்மா ஆட்ரிக்குத் தெரிந்ததால்தான் பெண்பிள்ளை உடையாகப் பார்த்துப் பார்த்து வாங்கிவருகிறாள், அலீகேவின் தோழி லாராவோடு சேராதே என்கிறாள், தேவாலயத்துக்கு வருகிற பீனா என்ற பெண்ணோடு பழகச் சொல்லிப் பிடித்துத் தள்ளுகிறாள். அப்பா ஆர்தர் போலீஸ் துப்பறிவாளர், ஊரில் நடப்பதை மோப்பம் பிடிப்பதே அவர் தொழில், சொந்த மகள் விஷயத்தில் மட்டும் அவருக்கு எதுவும் கண்ணில் படாது. அந்த வீட்டில் எல்லாரும் அதைச் சுற்றிச் சுற்றித்தான் நடக்கிறார்கள், அந்த ஒரு வார்த்தையை வாய் திறந்து சொன்னால் கூரை விழுந்துவிடும் என்பது மாதிரி. நான் இந்தப் படத்தை விட முடியாமல் பிடித்துக்கொண்டிருப்பதே இதனால்தான். ரகசியம் என்று நாம் சொல்வது பல வீடுகளில் ரகசியமே கிடையாது, எல்லாருமாகச் சேர்ந்து கட்டிக்காக்கிற மௌனம்.

தங்கை ஷரோண்டா வருகிற ஒரு இடம் சொல்கிறேன். ராத்திரி. சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவும் அப்பாவும் கத்திக்கொண்டிருக்கிறார்கள், அலீகேவைப் பற்றித்தான். ஷரோண்டா அக்காவின் படுக்கையில் வந்து ஒட்டிப் படுத்துக்கொள்கிறாள். அதுவரை அக்காவைச் சீண்டிக்கொண்டும் சொல்லிக்கொடுத்துவிடுவேன் என்று மிரட்டிக்கொண்டும் இருந்தவள். எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, தெரியும்தானே என்கிற மாதிரி ஒரு வரி சொல்கிறாள். எதெல்லாம் என்று அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. அந்த வீட்டிலேயே அந்த மௌனத்தை அன்பாக மாற்றத் தெரிந்தவள் அந்தச் சின்னப் பெண் ஒருத்திதான்.

சரி, இப்போது பெயருக்கு வருகிறேன். இங்கிலீஷில் இந்தச் சொல்லுக்கு ஊரால் ஒதுக்கப்பட்டவர் என்று பொருள், டீ ரீஸும் அந்தப் பொருளில்தான் வைத்திருக்கிறார். ஆனால் அந்தச் சொல் இங்கிலீஷுக்குப் போனதே நம்மிடமிருந்துதான், பறையர் என்ற பெயரிலிருந்து. பறை அடிக்கிற மக்களின் பெயர், 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர்கள் காதில் விழுந்து, அவர்களுடைய அகராதியில் ஒதுக்கிவைக்கப்பட்டவர் என்று ஆகிவிட்டது. ஒரு சமூகத்தின் பெயரை உலகமே இழிசொல்லாகப் புழங்குவதைத் தலித் எழுத்தாளர்களும் செயல்பாட்டாளர்களும் ரொம்ப நாளாக எதிர்த்து வருகிறார்கள். தமிழ் பேசுகிற யாரும் இந்தத் தலைப்பைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. ஒதுக்கப்பட்டவர் என்ற சொல்லுக்குப் பின்னால் எப்போதும் ஒதுக்கியவர் ஒருவர் இருக்கிறார், அவர் பெயர் எந்த அகராதியிலும் ஏறுவதில்லை. இந்தப் படமோ ஒதுக்குகிறவர்கள் பக்கமும் கேமராவைத் திருப்புகிறது, அதனால்தான் இதைச் சொன்னேன்.

அந்த அம்மாவாக நடித்தவர் கிம் வேயன்ஸ், நகைச்சுவைக்குப் பேர்போன குடும்பத்திலிருந்து வந்தவர். இதில் அவரைப் பார்த்தால் நெஞ்சு கனக்கும். ஆட்ரி வேலை செய்கிற இடத்தில் அவளோடு ஒட்டிப் பேச ஆள் கிடையாது, புருஷன் வீடு தங்குவதில்லை, பிடித்துக்கொள்ள அவளுக்கு இருப்பது தேவாலயமும் இரண்டு பெண்பிள்ளைகளும்தான். அதில் ஒருத்தி கைநழுவுகிறாள் என்று தெரிந்ததும் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறாள். அவள் செய்வதை நான் மன்னிக்கவில்லை, ஆனால் அவளைக் கெட்டவள் என்று ஒரே வார்த்தையில் முடிக்கவும் என்னால் முடியவில்லை.

அந்தச் சண்டைக் காட்சி வருகிறதே, அப்பாவும் அம்மாவும் மோதிக்கொள்ள அலீகே நடுவில் வந்து நிற்கிறாள். அப்பா அவளிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான், அப்படியெல்லாம் இல்லை என்று உன் அம்மாவிடம் சொல்லிவிடு. அவர் கேட்பது ஒரு பொய்யை. அலீகே உண்மையைச் சொல்லிவிடுகிறாள். அம்மா பாய்ந்து அடிக்கிறாள். அடி விழுந்தபிறகு அந்த வீடு அவளுக்கு வீடாக இல்லை.

இதை நடித்த அடெபெரோ ஒடுயே பற்றி ஒரு வார்த்தை. இதே பெயரில் 2007இல் டீ ரீஸ் எடுத்த குறும்படத்திலும் அவர்தான் அலீகே. படம் வெளியானபோது அவருக்கு 33 வயது, 17 வயதுப் பெண்ணின் கூன் விழுந்த தோளும் தரையைப் பார்க்கிற கண்ணும் எப்படி வந்தது என்று தெரியவில்லை. 2012 கோல்டன் குளோப் விருது மேடையில் நடிகை மெரில் ஸ்ட்ரீப் அவர் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். ஒளிப்பதிவு பிராட்ஃபோர்ட் யங், சன்டான்ஸ் திரைப்பட விழாவில் அதற்கு விருது வாங்கினார். 2022இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், காலத்துக்கும் காக்கவேண்டிய படங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. டீ ரீஸ் தன் வாழ்க்கையிலிருந்தும் எடுத்துத்தான் இதை எழுதினார் என்பது தெரிந்த பிறகு பார்த்தால் இன்னும் வலிக்கும்.

அப்புறம் லாரா. அவளை வீட்டிலிருந்து ஏற்கெனவே துரத்திவிட்டார்கள், அக்காவோடு இருக்கிறாள், வேலைக்குப் போய்க்கொண்டே பள்ளி முடித்ததற்குச் சமமான தேர்வை எழுதித் தேறுகிறாள். அதைச் சொல்ல அம்மா வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, கதவைச் சாத்துகிறாள். சின்னக் காட்சிதான், இரண்டாவது தடவை பார்க்கும்போது அந்த இடம் வருவதற்கு முன்பே எனக்குக் கண் கலங்கியது.

இரண்டாவது தடவை என் அம்மாவோடு பார்த்தேன். அவருக்கு இங்கிலீஷ் பிடிபடாது, நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தேன். முடிவில் அலீகே எழுத்துப் படிப்புக்காகக் கலிபோர்னியா கிளம்புகிறாள், போகும் முன் அம்மாவைப் பார்த்து உன்னை நேசிக்கிறேன் என்கிறாள். ஆட்ரி திருப்பிச் சொல்வது, உனக்காகப் பிரார்த்தனை செய்கிறேன் என்று. இதைச் சொன்னதும் என் அம்மா, "சாமி கும்பிடறேன்னுதானே சொல்றா, நல்லதுதானே?" என்றார். மகள் கேட்டது அது இல்லையே அம்மா என்றேன். அவர் பதில் சொல்லவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அலீகே பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறாள், படம் முடிகிறது. ரொம்ப நேரம் கழித்து, அடுப்படியில் பாத்திரம் எடுத்து வைத்துக்கொண்டே கேட்டார், "அவ்வளவு தூரம் போற பொண்ணு, வழியில சாப்பிட யாராவது எதாவது கட்டிக் குடுத்தாங்களா?"