பட்டாசுக் காயங்களுக்கு முதலுதவி

வானொலி நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

பட்டாசால் சுட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு வருபவர்களின் புண் மீது பற்பசை, எண்ணெய், வெண்ணெய், பேனா மை என ஏதேனும் ஒன்று பூசப்பட்டிருப்பதை மருத்துவர்கள் அடிக்கடி காண்கிறார்கள். பதற்றத்தில், அன்பினால் பூசப்படுபவைதான் இவை. ஆனாலும் பசையும் எண்ணெயும் சூட்டை வெளியேறவிடாமல் தடுக்கின்றன. மை புண்ணின் ஆழத்தை மருத்துவரின் கண்ணுக்கு மறைத்துவிடுகிறது. சிகிச்சைக்காக அவற்றைத் துடைத்து எடுக்கும்போது காயம்பட்டவர் மீண்டும் ஒருமுறை வலியை அனுபவிக்க வேண்டியிருக்கிறது.

தீக்காயத்துக்கு முதல் மருந்து தண்ணீர்தான். நெருப்பு அணைந்த பிறகும் தோலுக்குள் தங்கிய வெப்பம் அடியிலுள்ள திசுக்களைத் தொடர்ந்து சிதைக்கிறது என்பதால், காயம்பட்ட இடத்தைக் குழாயிலிருந்து மெதுவாக ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடங்கள் காட்ட வேண்டும். அலறும் குழந்தையைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு அது மிக நீண்ட நேரமாகத் தோன்றும். இரண்டு நிமிடத்திலேயே நிறுத்திவிடத் தோன்றும். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். உடனே தண்ணீர் கிடைக்காமல் போனாலும், காயம்பட்ட 3 மணி நேரத்துக்குள் இதைச் செய்தால் பயன் உண்டு. பனிக்கட்டி மட்டும் கூடாது. அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி, ஏற்கெனவே நலிந்த தோலை மேலும் கெடுக்கும். காயம் பெரிதாக இருந்தால், அந்த இடத்தை மட்டும் குளிரவைத்து, உடலின் மற்ற பகுதிகளைப் போர்வையால் மூடிக் கதகதப்பாக வைத்திருங்கள். சிறு குழந்தைகளின் உடல் மிக விரைவில் குளிர்ந்துவிடும்.

தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, வீக்கம் தொடங்குமுன், மோதிரம், வளையல், கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். தோலோடு ஒட்டிக்கொண்ட துணியை இழுக்காதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். பிறகு, பஞ்சு ஒட்டாத சுத்தமான துணியால் தளர்வாக மூடினால் போதும். கம்பி மத்தாப்பு ஆபத்தில்லாதது என்று நினைத்துப் பிள்ளைகள் கையில் கொடுக்கிறோம். அதன் நுனி ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எரிகிறது, அணைந்த பின்னும் கம்பி சுடும். எரிந்து முடிந்த கம்பிகளை ஒரு வாளி நீரில் போட்டுவிட்டால், அவற்றை மிதித்துப் பாதம் சுட்டுக்கொள்வதைத் தவிர்க்கலாம்.

ஆடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. ஓடினால் தீ வளரும். முகத்தைக் கைகளால் மறைத்துக்கொண்டு தரையில் படுத்து உருள வேண்டும்.

கண்ணில் வெடித்துச் சிதறியது பட்டிருந்தால், நான் இதுவரை சொன்னதற்கு நேர்மாறாகக் கைகளைக் கட்டிக்கொள்ள வேண்டும். கண்விழி கிழிந்திருக்கலாம் என்பதால் தேய்ப்பது, அழுத்துவது, தண்ணீர் விட்டுக் கழுவுவது, மருந்து இடுவது, குத்தி நிற்கும் துணுக்கை எடுப்பது ஆகிய எதையும் செய்யாதீர்கள். காகிதக் குவளையின் அடிப்பாகத்தை வெட்டி, கண்ணைத் தொடாமல் சுற்றியுள்ள எலும்பின் மீது படியுமாறு வைத்து ஒட்டி, உடனே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரத்தப்போக்கை அதிகரிக்கக்கூடிய ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் மாத்திரைகளையும் கொடுக்க வேண்டாம்.

கையிலேயே வெடித்து இரத்தம் பெருகினால், சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்துங்கள். விரல் துண்டாகியிருந்தால் அதை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டியின் மேல் வைத்துக் கொண்டு வாருங்கள். விரல் நேரடியாகப் பனிக்கட்டியில் படக் கூடாது.

முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் பட்ட தீக்காயத்தையும், காயம்பட்டவரின் உள்ளங்கையைவிடப் பெரிய காயத்தையும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். வெளுத்தோ கருகியோ இருக்கும் புண்ணில் வலி இல்லையென்றால் நிம்மதி அடையாதீர்கள். நரம்பு நுனிகளும் எரிந்துவிட்டன என்பதே அதன் பொருள். புகையைச் சுவாசித்தவருக்குக் குரல் கரகரத்தாலும், மூச்சு வாங்கினாலும் தாமதிக்கவே கூடாது. பெரிய காயம் என்றால், அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் வழியில் உண்ணவோ பருகவோ எதுவும் தராமல், காயம்பட்ட நேரத்தையும், கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்ட காலத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வணக்கம்.