அங்குசத்தையும் சேர்த்துத்தான் வாங்கினோம்

விழாத் தலைவர் அவர்களே, இரண்டு கூட்டங்களுக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் மாவட்ட ஆட்சியர் அவர்களே, வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்களே, அரங்கத்தோடு மோரும் தந்து உபசரித்த பாலிடெக்னிக் முதல்வர் அவர்களே, அறுபது வருஷத்துக் கார்களைத் தாங்களே ஓட்டிக்கொண்டு பொள்ளாச்சியிலிருந்தும் உடுமலையிலிருந்தும் வந்திருக்கும் பெரியவர்களே, கடைசி வரிசையில் கையில் எண்ணெய்க் கறையோடு நிற்கும் மெக்கானிக் தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம். ஆட்சியர் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்றார்கள். அவர் இருக்கும்போதே கோரிக்கையைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் ஆசை.

1920-ல் ஜி.டி. நாயுடு ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்டத் தொடங்கிய வட்டாரம் இது. கோவை அவிநாசி சாலையில் கார்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கும் ஊர். இங்கே கார் பேசுவதற்குத் தனி முன்னுரை வேண்டாம். மூன்று செய்திகள் வைத்திருக்கிறேன். ஒன்று, பழைய காரை உயிரோடு வைத்திருப்பது எப்படி. இரண்டு, இன்றைய சொகுசுக் கார் எங்கே உயர்ந்தது, எங்கே நம்மைக் கைவிடுகிறது. மூன்று, பழுது பார்க்கும் உரிமைக்கான நம் கோரிக்கை.

நம் பெரியவர்கள் சொல்வார்கள்: யானையை விற்றுவிட்டு அங்குசத்துக்கு வழக்காடுவதா? இந்தப் பழமொழியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் நிற்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டிலிருந்து தொடங்குகிறேன். சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் செய்த கார். 948 சிசி இன்ஜின், உடம்பைத் தாங்கும் தனிச் சட்டமாகச் சேசிஸ். பானட் முழுவதும் முன்பக்கமாகச் சாயும். முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்ப்பரேட்டரைக் கழற்றலாம். 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும். இன்றைய மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் பின்சக்கரங்களையும் 10 டிகிரி வரை திருப்பி, ஐந்து மீட்டருக்கு மேல் நீளமான உடம்பை 11 மீட்டருக்குள் சுழற்றுகிறது. அது பெரிய சாதனைதான். ஆனால் ஹெரால்டு எந்தக் கம்ப்யூட்டரும் இல்லாமல் திரும்பியது.

அந்த ஹெரால்டைக் கெடுப்பது ஒரே ஒரு தவறு. முன்சக்கரத்தின் செங்குத்துத் தண்டு கீழே டிரன்னியன் என்ற வெண்கலத் துண்டுக்குள் மரையில் ஏறி உட்கார்ந்திருக்கும். அங்கே போக வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் அடிக்கக் கூடாது. கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது. தண்ணீர் தங்கும், தண்டு துருப்பிடிக்கும். ஒருநாள் மெதுவாகப் பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது தண்டு முறிந்து சக்கரம் மடங்கிக்கொள்ளும். வண்டியை ஜாக்கியில் தூக்குங்கள், அடி பிளக்கைக் கழற்றி நிப்பிள் போடுங்கள், மேலே ரப்பர் சீலின் ஓரத்தில் புது எண்ணெய் கசியும்வரை பம்ப் அடியுங்கள். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை போதும். கால் மணி நேர வேலை.

அடுத்தது பெட்ரோல். இப்போது பங்கில் கிடைப்பதில் 20 விழுக்காடு எத்தனால். பழைய ரப்பர் ஹோஸ் ஊறி, இளகி, உள்ளே உரிந்து, பெட்ரோல் வரும் சிறு துளையான கார்ப்பரேட்டர் ஜெட்டை அடைக்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்கின் அடியில் துரு பிடிக்கும். ஹோஸ் அத்தனையும் எத்தனாலைத் தாங்கும் விட்டான் ரப்பருக்கு மாற்றுங்கள். மாதக் கணக்கில் நிறுத்துவதென்றால் டேங்கையும் கார்ப்பரேட்டரில் பெட்ரோல் தங்கும் ஃப்ளோட் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள். எத்தனாலில் ஆக்ஸிஜன் கலந்திருப்பதால் கலவை மெலிந்துபோகும், அதாவது காற்றுக்குத் தக்க எரிபொருள் போதாது. எஸ்.யூ. கார்ப்பரேட்டர் உள்ள அம்பாசடரில் எரிபொருளைக் கூட்ட ஜெட் நட்டை ஒவ்வொரு பட்டையாகக் கீழே இறக்கி ஓட்டி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். வெளுத்திருந்தால் இன்னும் இறக்க வேண்டும். இளம்பழுப்பு வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

இங்கே ஒரு கதை சொல்லியாக வேண்டும். 1888 ஆகஸ்ட். ஜெர்மனியின் மன்ஹைம் நகரம். கார்ல் பென்ஸ் காருக்குக் காப்புரிமை வாங்கி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. வாங்க ஆள் இல்லை. அவர் மனைவி பெர்தா பென்ஸ் கணவரிடம் சொல்லாமல், இரண்டு பையன்களை ஏற்றிக்கொண்டு, நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த போர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். யோசித்துப் பாருங்கள். தார்ச்சாலை கிடையாது. பெட்ரோல் பங்க் என்ற சொல்லே கிடையாது. வண்டிக்கு வேண்டியது லிக்ராயின் என்ற திரவம். கறை நீக்க மருந்துக்கடையில் விற்பார்கள். வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடைக் கதவைத் தட்டி வாங்கி ஊற்றினார். உலகத்தின் முதல் பெட்ரோல் பங்க் அந்த மருந்துக்கடைதான்! எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் செருகியிருந்த ஊசியை உருவிக் குத்தி அடைப்பை எடுத்தார். மின்கம்பி உரசிப் பொறி தட்டியது. காலுறையைக் கட்டும் பட்டையை எடுத்துச் சுற்றினார். சங்கிலி நீண்டுபோனது, கொல்லர் ஒருவர் சரிசெய்தார். இறக்கத்தில் மரப் பிரேக் தேய்ந்தது. செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். பிரேக் லைனிங் பிறந்தது அங்கேதான். ஏற்றத்தில் பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். மேடு ஏற இன்னொரு கியர் வேண்டும் என்று ஊர் திரும்பியதும் கணவரிடம் சொன்னார். கியரும் வந்தது. இருட்டும்போது போய்ச் சேர்ந்து, கணவருக்குத் தந்தி கொடுத்தார்.

மருந்துக்கடைக்காரர், கொல்லர், செருப்புத் தைப்பவர். இந்த மூன்று பேர் கையும் பட்டுத்தான் கார் என்ற பொருளே ஊர் போய்ச் சேர்ந்தது. மூவரும் கம்பெனியின் அங்கீகாரம் பெற்றவர்கள் அல்லர். எவரும் பாஸ்வேர்டு கேட்கவும் இல்லை.

இன்றைய சொகுசுக் காருக்கு வருகிறேன். பி.எம்.டபிள்யூ. 2007-லிருந்து சென்னைக்குப் பக்கத்திலேயே கார்களைப் பொருத்துகிறது. அந்த வகைக் கார்களின் அமைதி, இருக்கை, பிரேக் எல்லாவற்றையும் மனமாரப் பாராட்டுகிறேன். மோதலில் உயிர் காப்பதில் எந்தப் பழைய காரும் பக்கத்தில் நிற்க முடியாது. அதை மறைத்துப் பழையதைப் புகழ மாட்டேன்.

ஆனால் பேட்டரி மாற்றுவதைப் பாருங்கள். ஜெர்மானியக் கார்கள் பலவற்றில் புதுப் பேட்டரி போட்டதும் அதைக் காரின் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். பதியாவிட்டால் கிழப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கணக்கிலேயே புதியதற்கும் ஏற்றி அதன் ஆயுளைக் குறைத்துவிடும். எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் உள்ள காரில் பின்பக்க பிரேக் பேட் மாற்ற வேண்டுமா? முதலில், காரின் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனரை மாட்டி, பேடை அழுத்தும் காலிப்பரை சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பிஸ்டனை வலுவில் தள்ளினால் உள்ளே இருக்கும் மோட்டார் பல்சக்கரம் உடையும். ஏர் சஸ்பென்ஷனில் ராத்திரி நிறுத்திய கார் காலையில் ஒரு மூலையில் அமுங்கியிருந்தால் அந்த மூலையில் இருக்கும் பெல்லோ என்ற காற்றுப் பையில் சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழி தேடுங்கள். ஆரம்பத்திலேயே மாற்றினால் செலவு அதோடு நிற்கும். விட்டுவைத்தால் கசிவை ஈடுகட்ட ஓயாமல் ஓடிக் கம்ப்ரஸரும் எரிந்துபோகும். இவ்வளவும் நம் தம்பிகளுக்குத் தெரியும். புது பெல்லோ போட்டபின் உயர அளவைத் திருத்தி எழுதும் அனுமதிதான் அவர்கள் கையில் இல்லை. யானைக்கு முழு விலையும் கம்பெனிக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள், ஆட்சியர் அவர்களே. அங்குசத்துக்கு வழக்காடுகிறார்கள்.

இது என் தனிப்பட்ட புலம்பல் இல்லை. 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகங்களையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மக்கள் 2012-லேயே வாக்களித்துக் கார் பழுது பார்க்கும் உரிமையைக் கேட்டு வாங்கினார்கள். இங்கே 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதே உரிமைக்காக ஓர் இணையதளம் திறந்தது. நல்ல தொடக்கம். ஆனால் இணையதளம் சட்டம் ஆகாது. ஸ்கேனர் மென்பொருளும் சர்வீஸ் கையேடும் நியாய விலையில் எந்தப் பட்டறைக்கும் கிடைக்க வேண்டும் என்று சட்டமே சொல்ல வேண்டும். இந்தக் கோரிக்கை மனுவை வாசலில் வைத்திருக்கிறோம், கையெழுத்துப் போடாமல் யாரும் போகாதீர்கள்.

போக்குவரத்து அலுவலர் அவர்களிடமும் ஒரு வேண்டுகோள். 2021 விதியின்படி ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிக்கு வி.ஏ. என்ற தனி வரிசைப் பதிவு எண் தருகிறீர்கள். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. இந்த விவரம் கிராமத்தில் ஓலைக் கொட்டகைக்குள் ஹெரால்டு வைத்திருக்கும் விவசாயிக்குப் போய்ச் சேரவில்லை. அவர் இரும்புக்கடைக்குப் போட்டுவிடுகிறார். அலுவலக வாசலில் தமிழில் ஒரு பலகை வையுங்கள்.

முதல்வர் அவர்களே, உங்கள் ஆய்வகத்தின் ஒரு மூலையைத் தாருங்கள். அம்பாசடரில் இருந்த பழைய பி-சீரிஸ் இன்ஜின் ஒன்றும், பல கம்பெனிக் கார்களைப் படிக்கும் ஒரு ஸ்கேனரும் அருகருகே இருக்கட்டும். பொறிக்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் பாயிண்டின் இடைவெளியை, ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகட்டில் 0.38 மில்லிமீட்டருக்கு வைக்கத் தெரிந்த கை, ஸ்கேனரில் பிழைக் குறியீட்டையும் படிக்கப் பழகட்டும்.

தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். வாசலில் ஹெரால்டின் பானட்டைச் சாய்த்து, முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி வைத்திருக்கிறார்கள். 90 நம்பர் ஆயிலும் அதை அடிக்கும் கன்னும் பக்கத்திலேயே இருக்கின்றன. இடது பக்க டிரன்னியனுக்கு எண்ணெய் விட்டாகிவிட்டது, வலது பக்கத்தை உங்களுக்காக விட்டு வைத்திருக்கிறோம். வாருங்கள், வணக்கம்.