சாஃப்ட்வேருக்குக் கருப்பட்டி தெரியுமா?

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கடையை அரை மணி நேரம் முன்னாலேயே திறந்துவிட்டேன், ஆள் வருவதற்குள் இதைப் பேசி முடித்துவிட வேண்டும். பின்னால் வண்டிச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் காலை ஏழரை மணி எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

நேற்று சாயங்காலம் மகாராஜநகரில் புதிதாகக் கடை போட்டிருக்கிற ஒரு தம்பி வந்தார். சுக்கு வாங்க வந்தவர், வாங்கிவிட்டும் போகாமல் நிற்கிறார். என்ன தம்பி என்றேன். "அண்ணாச்சி, ஆடிட்டருக்கு மாசாமாசம் ஆயிரம் ரூவா குடுக்கதுக்கு, ஒரு சாஃப்ட்வேரை வாங்கிப் போட்டா அதுவே ஜிஎஸ்டி, இன்கம்டாக்ஸ் எல்லாத்தையும் பார்த்துக்கிடாதா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் 2021-இல் நானும் இதே கணக்கைத்தான் போட்டேன், மாதம் ஆயிரம் மிச்சம் என்று.

சாஃப்ட்வேர் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இன்றைக்கும் என் கடையில் அதில்தான் பில் போடுகிறேன். டேலி ஆகட்டும், நம்ம தென்காசி மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கிற ஜோஹோவின் புக்ஸ் ஆகட்டும், கூட்டல் கழித்தலில் நம்மைவிட ஆயிரம் மடங்கு கெட்டி. நான் வைத்திருப்பது எது என்று கேட்காதீர்கள். நடந்த தப்பு அதனுடையது இல்லை, என்னுடையது. அதைத்தான் இப்போது காட்டப் போகிறேன், கேமராவைத் திருப்புகிறேன், ஒரு நிமிடம்.

தெரிகிறதா? இது ஓலைக் கொட்டான். உள்ளே உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்த கருப்பட்டி, மேலே கொஞ்சம் வெள்ளை பூத்திருக்கிறது பாருங்கள். நீங்கள் வந்து அரைக் கிலோ என்று கேட்டால், உங்கள் கண் முன்னால் எடை போட்டு, பேப்பரில் சுற்றிக் கொடுப்பேன். இதற்கு ஜிஎஸ்டி கிடையாது. இப்போது இந்தப் பக்கம் வாருங்கள். இது அரைக் கிலோ பாக்கெட். முன்கூட்டியே எடை போட்டு, ஒட்டி, மேலே கடைப் பெயர், எடை, விலை, தேதி எல்லாம் அச்சடித்த லேபிள். இதற்கு 5 சதவீதம். ஒரே பனை, ஒரே பதநீர், ஒரே அடுப்பில் காய்ச்சியது, கொட்டானில் இருந்தால் ஒன்றுமில்லை, கவருக்குள் போனால் வரி. 2022 ஜூலை 18-ஆம் தேதியிலிருந்து இப்படித்தான். அதற்கு முன்னால் பாக்கெட் போட்டாலும் எங்களுக்கு வரி இல்லை.

என் சாஃப்ட்வேரில் என்ன இருந்தது? 2021-இல் நானே உட்கார்ந்து ஏற்றினேன். ஐட்டம் பெயர் கருப்பட்டி, வரி பூஜ்யம். ஒரே ஐட்டம். கொட்டானில் விற்றாலும் அதுதான், பாக்கெட் விற்றாலும் அதுதான். சட்டம் மாறியதை நான் செய்தியில் பார்த்தேன், ஆனால் அரிசி, தயிர் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள், கருப்பட்டிக்கும் சேர்த்துத்தான் என்று எனக்கு உறைக்கவே இல்லை. மாதாமாதம் 20-ஆம் தேதிக்குள் நானே ரிட்டர்ன் போட்டேன். திரையில் எல்லாம் பச்சை. ஒரு நாள்கூடப் பிந்தவில்லை என்று எனக்குப் பெருமை வேறு.

அடுத்த மார்ச் கடைசியில், வருஷக் கணக்கை மட்டும் பார்த்துக்கொடுங்கள் என்று ஆடிட்டரிடம் போனேன். அவர் விற்பனையைப் பார்க்கவே இல்லை. கொள்முதல் பில்களைப் புரட்டிக்கொண்டிருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, அச்சடிச்ச கவர் இவ்வளவு வாங்கிருக்கீங்க, பாக்கெட் வித்த கணக்கு எங்க?"

அவ்வளவுதான் கேட்டார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. கவர் பில்லும் சாஃப்ட்வேரில்தான் இருந்தது, கருப்பட்டி விற்பனையும் அதில்தான் இருந்தது, எட்டு மாதமாகப் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டையும் சேர்த்து வைத்து இது என்னடா என்று கேட்க அதற்குள்ளே ஆள் இல்லை. எட்டு மாதப் பாக்கெட் விற்பனை 3,15,000 ரூபாய். வரியும் அதற்குள் அடக்கம் என்று வைத்தால் 15,000 வரி, அதற்கு மேல் வருஷத்துக்கு 18 சதவீதக் கணக்கில் வட்டி. நோட்டீஸ் வருவதற்கு முன்னால் நாமே போய் டிஆர்சி-03 படிவத்தில் கட்டினோம். வாங்கிப் போனவர்களைத் தேடிப்போய் அஞ்சு சதவீதம் கொடுங்கள் என்று கேட்கவா முடியும்? எல்லாம் கைக்காசு. ஆடிட்டருக்கு ஆயிரம் ஆயிரமாக மிச்சம் பிடித்தது அப்படியே அங்கே போய்ச் சேர்ந்தது.

இப்போது இது இன்னும் கெட்டி ஆகிவிட்டது, கவனியுங்கள். முன்பெல்லாம் விற்ற பில்களைக் காட்டுகிற ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னில் ஒன்று தப்பிப் போனால், வரியைக் கணக்குப் போட்டுக் கட்டுகிற 3பி ரிட்டர்ன் போடும்போது கையால் திருத்திக்கொள்ளலாம். 2025 ஜூலை மாதக் கணக்கிலிருந்து விற்பனைக்கான வரித்தொகை 1-இலிருந்து தானாக வந்து 3பி-யில் உட்கார்ந்துகொள்கிறது, கை வைக்க முடியாது. திருத்தம் வேண்டுமென்றால் 3பி போடுவதற்கு முன்னால் 1ஏ போட்டுத் திருத்த வேண்டும். பில் போடுகிற பையன் அழுத்துகிற பட்டன் நேராக அரசாங்கம் வரைக்கும் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் செப்டம்பர் 22-ஐ மறக்க முடியுமா? 2025-இல் வரி விகிதம் மொத்தமாக மாறிய நாள். திங்கட்கிழமை, நவராத்திரி தொடங்குகிறது, பாளை தசராவுக்கு ஊரே தயாராகிறது, கடையில் கூட்டம். பாக்கெட் மிக்சரும் முறுக்கும் அதுவரை 12 சதவீதம், அன்றிலிருந்து 5. சாஃப்ட்வேரில் புதிய அப்டேட் வந்துவிட்டது, ஆனால் நான் ஏற்றி வைத்திருந்த ஐட்டங்களில் 12 அப்படியே நிற்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றினேன். கருப்பட்டியில் சூடு பட்டவன் என்பதால் பார்த்தேன், இல்லையென்றால் எங்கே பார்த்திருக்கப் போகிறேன்.

ஒரு நிமிடம், ஆச்சி வந்திருக்கிறார்கள்... வத்தல் நூறு கிராம்... சரி, வந்துவிட்டேன்.

என் மைனிக்கு, அதாவது அண்ணிக்கு, சேரன்மகாதேவியில் பாத்திரக் கடை. அவர்கள் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறார்கள், அதாவது ஒன்றரைக் கோடிக்குள் விற்பனை, மொத்த விற்பனையில் ஒரு சதவீதத்தைத் தன் பையிலிருந்து கட்டிவிட்டுப் போகலாம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை கட்டணம், வருஷத்துக்கு ஒரு ரிட்டர்ன், தலைவலி குறைவு. ஆனால் வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வாங்கக் கூடாது, பில்லின் தலைப்பும் டாக்ஸ் இன்வாய்ஸ் என்று இருக்கக் கூடாது, பில் ஆஃப் சப்ளை என்றுதான் இருக்க வேண்டும். மைனி மகன் ஒரு பில் ஆப்பைப் போனில் இறக்கிக் கொடுத்திருக்கிறான். அதில் காம்போசிஷன் என்று ஒரு இடத்தில் குறிக்க வேண்டும், குறிக்கவில்லை. இரண்டு மாதமாக டாக்ஸ் இன்வாய்ஸ், கீழே சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று அழகாகப் பிரித்துப் போட்டு பில் போயிருக்கிறது. நான் போன பொங்கலுக்கு அங்கே போனபோது ஒரு குத்துவிளக்கு பில்லைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். வரி என்று சொல்லி வாங்கிய காசை நாம் வைத்துக்கொள்ள முடியாது, அரசாங்கத்துக்குக் கட்டித்தான் ஆக வேண்டும். மைனி பதறிப்போனார்கள். அந்த ஆப் ஏதாவது தப்பாகக் கூட்டியதா என்றால் இல்லை, பைசா சுத்தமாகக் கூட்டியிருந்தது.

அப்போ நீ ஏன் காம்போசிஷனுக்குப் போகவில்லை என்று கேட்பீர்கள். நான் பெங்களூருக்குப் பார்சல் அனுப்புகிறேன். வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்றால் அந்தத் திட்டத்தில் இருக்க முடியாது. எந்தத் திட்டம் உனக்கு என்று முதல் நாளில் தீர்மானிக்கிறோம் பாருங்கள், அதுதான் பெரிய விஷயம். அந்தக் கேள்வியை சாஃப்ட்வேர் ஒரு டிக் பெட்டியாக வைத்துவிட்டு நகர்ந்துவிடும்.

இன்புட் விஷயத்துக்கு வருவோம், அதாவது சரக்கு வாங்கும்போது நாம் கொடுத்த வரியை, கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது. இதில் சாஃப்ட்வேர் உண்மையிலேயே உபகாரம். நமக்குச் சரக்குப் போட்டவர் தன் ரிட்டர்னில் நம் பில்லைக் காட்டினால்தான், அது நம் 2பி-யில், அதாவது ஜிஎஸ்டி தளம் மாதாமாதம் நமக்குக் காட்டுகிற கொள்முதல் பட்டியலில், வந்தால்தான் இன்புட் எடுக்க முடியும். அறுபது பில்லை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்ப்பதென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும், சாஃப்ட்வேர் இரண்டு நிமிடத்தில் ஒத்தது பச்சை, ஒத்துவராதது சிவப்பு என்று பிரித்துக் கொடுத்துவிடுகிறது. ஆனால் பச்சை என்றால் எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம் இல்லை. போன வருஷம் என் தங்கச்சி மகளுக்குச் சடங்கு. தாய்மாமன் நான், சாப்பாட்டுச் செலவு என்னுடையது. சமையல்காரர் ஜிஎஸ்டி நம்பர் கேட்டார், பழக்கதோஷத்தில் கடை நம்பரைக் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் 2பி-யில் அந்தப் பில் வந்து நிற்கிறது, பக்கத்தில் பச்சை டிக். ஊரே இலை போட்டுச் சாப்பிட்டதை என் கருப்பட்டி வியாபாரக் கணக்கில் கழித்துக்கொள்ளச் சொல்கிறது! ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 17(5) என்று ஒன்று இருக்கிறது, சொந்த உபயோகத்துக்கு வாங்கியது, விருந்துச் சாப்பாடு இதெல்லாம் எடுக்கக் கூடாது என்று. நான் கையால் நீக்கினேன். அதே மாதிரி, என் விற்பனையில் பாதி வரியில்லாத சரக்கு, அதனால் தராசுக்கும் கம்ப்யூட்டருக்கும் கட்டிய வரியை முழுசாக எடுக்க முடியாது, விகிதப்படி விட்டுக்கொடுக்க வேண்டும். அதையும் ஆடிட்டர் சொல்லித்தான் தெரியும்.

இன்கம்டாக்ஸ் பக்கம் சின்னக் கடைக்குச் சுலபம்தான். சின்ன வியாபாரிகளுக்கான உத்தேச லாபத் திட்டத்தில் (பழைய சட்டத்தில் 44ஏடி), விற்பனையில் ரொக்கத்துக்கு 8 சதவீதம், பேங்க் வழியாக வந்ததற்கு 6 சதவீதம் லாபம் என்று காட்டிவிட்டு ஐடிஆர்-4 போடலாம். அதற்குக் காசு கொடுத்து சாஃப்ட்வேர்கூட வேண்டாம், வருமான வரித் தளத்திலேயே இலவசமாகப் போடலாம். ஒன்றை மட்டும் பாருங்கள். பேங்க் ஸ்டேட்மெண்டை உள்ளே இழுத்துக் கணக்குப் போடுகிற சாஃப்ட்வேர் என்றால், வரவு என்று வந்ததை எல்லாம் விற்பனையில் தள்ளிவிடும். எனக்குச் சீட்டு எடுத்த பணம் இரண்டு லட்சம் கணக்கில் வந்தது, அத்தான் கைமாற்று வாங்கியதைத் திருப்பிப் போட்டார், இரண்டும் விற்பனை ஆகிவிட்டது. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யூபிஐ வரவைப் பார்த்துச் சின்னச் சின்னக் கடைகளுக்கெல்லாம் ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது ஞாபகம் இருக்கும். எது வியாபாரப் பணம், எது வீட்டுப் பணம் என்று பிரித்து வைத்திருந்தவருக்குப் பதில் சொல்வது லேசு. நான் அதற்குப் பிறகு கடைக்கென்று தனிக் கணக்கு திறந்துவிட்டேன்.

நோட்டீஸ் என்றதும் இன்னொன்று. அதை ஜிஎஸ்டி தளத்தில் போட்டுவிடுவார்கள், மெயிலும் போகும். யார் மெயிலுக்கு? நிறையக் கடைகளில் பதிவு பண்ணும்போது பார்த்துக்கொடுத்தவரின் மெயிலையும் போன் நம்பரையும் போட்டிருப்பார்கள், அவர் இப்போது எங்கே இருக்கிறாரோ. இன்றைக்கே உள்ளே போய் யார் நம்பர் இருக்கிறது என்று பாருங்கள்.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான். சாஃப்ட்வேர் வாங்கு, தினமும் அதில் பில் போடு. ஆனால் முதல் நாள் ஐட்டம் ஏற்றும்போது ஒரு ஆடிட்டரைப் பக்கத்தில் உட்கார வை, ஒவ்வொரு சரக்கையும் எப்படி விற்கிறாய் என்று அவரிடம் சொல். மாதாமாதம் அவர் வேண்டாம் என்றால் சரி, வருஷத்துக்கு மூன்று தடவை கணக்கைக் கொண்டுபோய்க் காட்டு, நானும் அப்படித்தான் காட்டுகிறேன். ஒரே வகைச் சரக்கு, உள்ளூர் விற்பனை, 40 லட்சத்துக்குள் என்றால் இவ்வளவு கூட வேண்டாம். தம்பி தலையாட்டினார், கேட்பாரா என்று தெரியவில்லை, நானும் அந்த வயதில் கேட்கவில்லை.

சரி, இன்றைக்குத் தேதி 14. 2பி வந்திருக்கும், உங்கள் முன்னாலேயே திறக்கிறேன்... வந்துவிட்டது. பச்சை, பச்சை, பச்சை, இதோ ஒரு சிவப்பு. மதுரையில் கவர் போடுகிறவர் பில். இவர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரிட்டர்ன் போடுகிறவர், அந்த மூன்றில் முதல் இரண்டு மாதப் பில்லை அடுத்த மாதம் 13-க்குள் ஐஎஃப்எஃப் என்கிற வசதியில் ஏற்றினால்தான் எனக்கு வரும். சாஃப்ட்வேர் ஒத்துவரவில்லை என்கிறது, அதோடு அதன் வேலை முடிந்தது. போன் போடுகிறேன், ஸ்பீக்கரில் வேண்டாம், அவர் சங்கடப்படுவார்... "அண்ணாச்சி, வணக்கம், பாளையிலேருந்து பேசுறேன்... சாப்பிட்டாச்சா... ஒண்ணுமில்ல, போன மாசக் கவர் பில்லு..."