அழாத பிள்ளைகளின் அறை

(லண்டனில் நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் பேசியது. நண்பர்கள் கேட்டதால் எழுதித் தருகிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, பிரதம விருந்தினராக வந்திருக்கும் குழந்தை மருத்துவர் ஐயா அவர்களே, மங்கல விளக்கேற்றிய மூத்த தம்பதியரே, தமிழ்ப் பாடசாலை அதிபர் அம்மா அவர்களே, இப்போதும் சமையலறையில் நின்று வடை சுடும் மகளிர் அணிச் சகோதரிகளே, வரும் ஆகஸ்ட் விடுமுறையில் கம்போடியாவுக்குப் போய்க் கைவிடப்பட்ட குழந்தைகளுக்குத் தொண்டு செய்யப் பெயர் கொடுத்திருக்கும் பதினொரு பிள்ளைகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

தலைவர் அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். இருபது வருடத்துக்கு மேலாக இந்த மண்டபத்துச் சாவி அவருடைய சட்டைப் பையில்தான் இருக்கிறது. மழையோ பனியோ, சனிக்கிழமை காலை எட்டரைக்குப் பாடசாலைக் கதவு திறந்திருக்கும். மருத்துவர் ஐயா தம் ஓய்வு நாளில் இரண்டு மணித்தியாலம் கார் ஓட்டி வந்திருக்கிறார். குறைமாதக் குழந்தைகள் பிரிவில் தாதியாக இருந்த எனக்கு அந்த ஓய்வு நாளின் அருமை தெரியும். மிக்க நன்றி ஐயா.

மூன்று விஷயம் பேசுவதாகச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்தேன். 1990இல் நான் ருமேனியாவில் கண்டது ஒன்று. வெளிநாட்டுத் தொண்டர்கள் போகும் அநாதை இல்லங்களில் பணம் எப்படி ஓடுகிறது என்பது இரண்டு. தத்தெடுப்புச் சட்டங்கள் மூன்று.

அழுத பிள்ளை பால் குடிக்கும். சாவகச்சேரியில் என் அம்மம்மா நாளுக்கு நாலு தரம் சொல்லும் பழமொழி. வாய் திறந்து கேட்டால்தான் கிடைக்கும் என்றுதான் நாம் எல்லோரும் அதற்குப் பொருள் சொல்கிறோம். அந்தப் பழமொழிக்குள் இன்னொரு ஆள் நிற்கிறார், அழுகையைக் கேட்டு ஓடி வருகிறவர். அவர் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை நான் 29 வயதில் பார்த்தேன்.

ருமேனியாவில் சௌசெஸ்கு அரசு 1966 ஒக்டோபரில் 770ஆம் இலக்க ஆணையைப் போட்டுக் கருக்கலைப்பைத் தடை செய்தது. சனத்தொகையைக் கூட்ட வேண்டும் என்பது கணக்கு. 1980களில் வெளிநாட்டுக் கடனை அடைக்க உணவையும் ஏற்றுமதி செய்தார்கள். சனம் ரொட்டிக்கு வரிசையில் நின்றது. வளர்க்க வழியில்லாதவர்கள், அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று பிள்ளைகளைக் கொண்டுபோய் இல்லங்களில் விட்டார்கள். 1989 டிசம்பரில் ஆட்சி விழுந்தபோது அந்த இல்லங்களில் இருந்தவர்கள் ஒரு இலட்சத்துக்கும் மேல். பெரும்பாலானவர்களுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். இதைக் குறித்து வையுங்கள்.

தொலைக்காட்சியில் அந்தக் காட்சிகளைப் பார்த்துவிட்டு மேற்கு ஐரோப்பாவிலிருந்து லொறி லொறியாகத் தொண்டர்கள் கிளம்பினார்கள். நானும் நாலு வார விடுப்பு எடுத்து ஒரு லொறியில் ஏறினேன். டோவரில் கப்பல், ஜெர்மனி, ஆஸ்திரியா, ஹங்கேரி என்று நாலு நாள் பயணம். முதலில் ஏற்றியது ஊசிப் பெட்டிகளை. மெலிந்த குழந்தைகளுக்குத் தெம்பு வரட்டும் என்று அங்கே கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் ஏற்றுவார்கள். பரிசோதிக்காத இரத்தம், திரும்பத் திரும்பப் பாவித்த ஊசி. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு எச்.ஐ.வி. தொற்றியது அப்படித்தான். எல்லையில் ஐந்து மணித்தியாலம் நிறுத்தினார்கள். எங்கள் ஓட்டுநர் இரண்டு பெட்டி கென்ட் சிகரெட்டை எடுத்து நீட்டினார், கதவு திறந்தது. அந்த நாட்டில் அப்போது கென்ட் சிகரெட் காசு மாதிரி.

நாங்கள் போனது ஒரு சிறிய ஊர். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இல்லத்துக்கு அவர்கள் மொழியில் உள்ள பெயரின் பொருள் தொட்டில். எவ்வளவு அழகான பெயர்! உள்ளே போனேன். நீளமான அறை, இரண்டு வரிசை இரும்புக் கட்டில், முப்பத்திரண்டு குழந்தைகள். சத்தமே இல்லை. குழந்தைகள் பிரிவில் வேலை செய்தவள் நான், சத்தம் இல்லாத குழந்தைகள் அறையை அதுவரை கண்டதில்லை. எல்லாம் தூங்குகின்றன என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் கண் விழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கின்றன. சில, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டித் தம்மைத் தாமே தாலாட்டிக்கொண்டு கிடக்கின்றன. பால் போத்தலைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார்கள். முப்பத்திரண்டு பேருக்கு ஒரு நேரத்தில் இரண்டே பெண்கள், வேறென்ன செய்வார்கள்? அழுது பார்த்து, யாரும் வராமல், அழுகையையே விட்ட பிள்ளைகள் அவை. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்ற அம்மம்மாவின் சொல் அந்த வாசலில் எனக்கு நெஞ்சில் குத்தியது.

ஒரு பையன், பதினான்கு மாதம் இருக்கும். கட்டிலில் பெயர் இல்லை, இலக்கம்தான். நான் கண்ணா என்று கூப்பிட்டேன். தூக்கினால் மரக்கட்டை மாதிரி விறைத்துக்கொண்டு இருப்பான். ஒவ்வொரு நேரமும் அவனுக்கு நான்தான் மடியில் வைத்துப் பால் கொடுத்தேன். ஆராரோ ஆரிவரோ பாடினேன், வேறு பாட்டு வாயில் வரவில்லை. அங்கே வேலை செய்த வயதான அம்மா ஒருவர் அதைக் கேட்டுக் கேட்டு, ஆராரோ, ஆராரோ என்று அடுத்த கட்டிலில் பாடத் தொடங்கினார். ருமேனிய வாயில் நம் தாலாட்டு! பதினெட்டாம் நாள் நான் துணி எடுக்க வெளியே போனபோது பின்னால் ஓர் அழுகை. அவன்தான். ஓடி வந்து தூக்கிக்கொண்டு நானும் அழுதேன். உலகத்தையே வென்ற மாதிரி இருந்தது.

அடுத்த சில நாளில் விடுப்பு முடிந்தது. நான் பெட்டியோடு நிற்க, அவன் கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து நின்று கத்துகிறான். அந்த அம்மா மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னார்: “இவனுக்கு அழப் பழக்கிவிட்டாள். இனி யார் வருவது என்று கேள்.”

என்னிடம் பதில் இல்லை. அடுத்த வசந்தத்தில் இன்னொரு லொறியில் போனேன். அதே கட்டிலில் கிடந்தான். கண்ணா என்றேன். கூரையைப் பார்த்தான். பாடினேன். திரும்பவில்லை.

பிறகு புக்கரெஸ்ட் நகரில் ஓர் ஆய்வு நடந்தது. நெல்சன், ஸீனா (Zeanah), ஃபாக்ஸ் என்ற மூன்று அமெரிக்க அறிஞர்கள் இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளை எடுத்து, பாதிப் பேரைச் சீட்டு விழுந்தபடி வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள். குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவு வளர்ச்சி கூடியது. ஒருவரை ஒட்டிக்கொள்ளும் பாசமும் வந்தது, இரண்டு வயதுக்கு முன் போனவர்களுக்கு இன்னும் நன்றாக. 2004இல் ருமேனியாவே இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை, கடும் ஊனம் இருந்தாலன்றி, இல்லங்களில் விடக்கூடாது என்று சட்டம் போட்டது.

சரி, கம்போடியா. 2005க்கும் 2010க்கும் இடையில் அங்கே இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது என்று யுனிசெஃப் சொன்னது. போர் முடிந்து எத்தனையோ வருடம் கழித்து அநாதைகள் எப்படிக் கூடுவார்கள்? அங்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார்கள். தொண்டர்களும் சுற்றுலாக்காரரும் காசோடு வருவதால் இல்லம் திறக்கிறார்கள், படிப்புக் கிடைக்கும் என்று சொல்லி ஏழை வீட்டுப் பிள்ளையைக் கூட்டி வருகிறார்கள். வருகிறவர்கள் கொஞ்சிவிட்டுப் போகிறார்கள். அடுத்த கூட்டம் வருகிறது. கைமாறிக் கைமாறி அந்தக் குழந்தைக்கு யார் முகம் நிற்கும்? 2019இல் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமே இந்தத் தொண்டுப் பயணங்களின் கேட்டைச் சொல்லிவிட்டது.

பிள்ளைகளே, உங்கள் மனதை நான் குறை சொல்ல மாட்டேன், அதே மனதோடுதான் நானும் லொறி ஏறினேன். கைக்குழந்தையைத் தூக்க மட்டும் போகாதீர்கள். அந்த விமானச் சீட்டுக் காசு, பேரப்பிள்ளையை வளர்க்கும் ஓர் அம்மம்மாவுக்கு மாதாமாதம் போகட்டும். தாதியரோ பிசியோதெரபிஸ்டோ போவதானால் அங்குள்ள பெண்களுக்குக் கற்றுக் கொடுக்கப் போகட்டும்.

இனிப் பெற்றோரிடம் கேட்கிறேன். சொந்த வீட்டில் இருக்க முடியாத பிள்ளைகளை, தத்தெடுக்காமல், தேவைப்படும் காலம் வரை தம் வீட்டில் வைத்துப் பார்க்கும் வளர்ப்புப் பெற்றோர் இந்த நாட்டிலேயே போதாது. நானும் என் கணவரும் பதினைந்து வருடத்தில் ஒன்பது பிள்ளைகளை வைத்திருந்தோம். சிலர் ஆறு வாரம், ஒருத்தி நாலு வருடம். இந்த மண்டபத்தில் எத்தனை வீட்டில், மகன் பல்கலைக்கழகம் போன பிறகு ஓர் அறை சும்மா கிடக்கிறது? 21 வயது நிரம்பியிருந்தால் போதும். வாடகை வீடானாலும் சரி, தனி ஆளானாலும் சரி, விண்ணப்பிக்கலாம். வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள், பயிற்சி தருவார்கள், சில மாதம் எடுக்கும். அழுத பிள்ளை பால் குடிக்கும், சகோதரிகளே. இரவு இரண்டு மணிக்கு அழுதாலும் அதே ஆள் எழும்பி வருகிற வீடு வேண்டும்.

தத்தெடுப்புச் சட்டத்துக்கு நேரம் இல்லை, தலைவர் ஐயா மணிக்கூட்டைப் பார்க்கிறார். வடைத் தட்டு இருக்கும் மேசைக்குப் பக்கத்து மேசையில் விண்ணப்பப் படிவங்கள் நாற்பது வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதச் சிரமமானால் நான் எழுதித் தருகிறேன். மண்டபம் பத்து மணிக்குப் பூட்டும் வரை அங்கேயேதான் இருப்பேன்.