கொடுக்க வரம்பு, செலவழிக்க வரம்பில்லை: அமெரிக்கத் தேர்தல் பணம்

[திரையில்: அமெரிக்க வருமான வரிப் படிவம் 1040. அதில் ஒரு சின்னக் கட்டம் பெரிதாகிறது.]

இந்தக் கட்டத்தில் டிக் அடித்தால் 3 டாலர் அதிபர் தேர்தல் நிதிக்குப் போகும். அதனால் உங்கள் வரி ஒரு சென்ட்கூட ஏறாது; கட்டுகிற வரியிலிருந்தே ஒதுக்கிவிடுவார்கள்.

சரி, வரிப்பணத்தில் பிரசாரம் செய்ய அரசியலமைப்பு இடம் தருகிறதா?

அதிபர் நிக்சன் பதவியை விட்டுப் போகக் காரணமான வாட்டர்கேட் ஊழல் நாறிய பிறகு, 1974-ல் அமெரிக்க காங்கிரஸ் தேர்தல் பணத்துக்குக் கடிவாளம் போட்டது. தனிநபர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலில் 1,000 டாலர்தான் தரலாம் என்றது அந்தச் சட்டம். வேட்பாளரின் செலவுக்கும் உச்சவரம்பு. நியூயார்க் செனட்டர் ஜேம்ஸ் பக்லியும் வேறு சிலரும் வழக்குப் போட்டார்கள். 1976 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: பக்லி எதிர் வலேயோ.

[திரையில்: சட்டப் பிரதி இரண்டாகக் கிழிகிறது.]

நன்கொடைக்கு வரம்பு செல்லும். பெருந்தொகை தந்தவர் நாளைக்குக் கைமாறு கேட்பார் இல்லையா? ஆனால் செலவுக்கு வரம்பு செல்லாது. துண்டறிக்கை அடிக்கவும் டிவியில் பேசவும் காசு வேண்டும். செலவைக் குறைத்தால் பேச்சே குறையும், அது அரசியலமைப்பின் முதல் திருத்தம் தரும் பேச்சுரிமையில் கைவைப்பது. தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்றில் நல்ல உவமை இருக்கிறது: ஒரே ஒரு டேங்க் பெட்ரோல் கொடுத்துவிட்டு, எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓட்டிக்கொள் என்பது போன்றதாம் செலவு வரம்பு.

அந்த 3 டாலர்கள் போய்ச் சேரும் அரசு நிதியும் செல்லும். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, அதை வாங்கும் வேட்பாளர் மட்டும் செலவு வரம்புக்குக் கட்டுப்பட வேண்டும்.

அப்புறம் அரிசோனா மாநிலத்தின் கதை வந்தது. 1991-ல் அங்கே சட்டமன்ற உறுப்பினர்கள் லஞ்சம் வாங்கியது ரகசிய வீடியோவில் சிக்கி, மானமே போயிற்று. 1998-ல் மக்கள் வாக்களித்தே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். வேட்பாளர் ஊர் மக்களிடம் ஆளுக்கு 5 டாலராக வசூலித்து ஆதரவைக் காட்டினால் அரசு ஒரு தொகை தரும். அரசுப் பணம் வாங்காமல் நிற்கும் எதிராளி அந்தத் தொகையைத் தாண்டிச் செலவழித்தால், ஏறக்குறைய டாலருக்கு டாலர் இவருக்கும் வரும். அதற்கும் ஒரு உச்சவரம்பு உண்டு.

2011-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஈடுகட்டும் பணத்தை ரத்து செய்தது; ஐந்து நீதிபதிகள் ரத்துக்கு ஆதரவு, நால்வர் எதிர்ப்பு. நான் செலவழித்தால் எதிரிக்குப் பணம் போகிறதென்றால், என் பேச்சுக்கே அபராதம் என்பது தலைமை நீதிபதி ராபர்ட்ஸின் வாதம். நீதிபதி கேகன் ஒப்பவில்லை. யார் வாயையும் யாரும் அடைக்கவில்லை, அதே பணம் எதிராளிக்கும் நீட்டப்பட்டது, வேண்டாமென்றது அவர்தானே என்றார். எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது.

திட்டம் சாகவில்லை. 5 டாலர் வசூல் இன்றும் நடக்கிறது, அரசுத் தொகையும் கிடைக்கிறது. எதிராளி பணத்தைக் கொட்டினால் மட்டும் கூடுதலாகக் காசு வராது. அந்த ஒரு டேங்க் பெட்ரோலோடு ஓட்ட வேண்டியதுதான்.