கடலூர் பஸ்ஸில் நான் கேட்கும் பாட்காஸ்ட்கள்

எல்லோருக்கும் வணக்கம். தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து பேசுகிறேன். காற்று பலமாக அடிக்கிறது. மைக்கைத் துப்பட்டாவுக்குள் செருகி வைத்திருக்கிறேன். அலைச் சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தினமும் காலையில் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறேன், மாலையில் திரும்புகிறேன். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அந்த நேரம் முழுக்கக் காதில் என்ன கேட்கிறாய் என்று பலர் கேட்டுவிட்டார்கள். இன்று அதைத்தான் சொல்லப் போகிறேன். நான் ஒரு பாட்காஸ்ட்டை மதிப்பிடுவது ஒரே விதத்தில்தான்: இயர்போனைக் கழற்றிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்கும்போது, நேற்றுவரை பார்த்த ஊர் கொஞ்சமாவது புதிதாகத் தெரிகிறதா? தெரிந்தால் அடுத்த எபிசோடுக்குப் போவேன்.

முதலில் குற்ற விசாரணைத் தொடர்கள். ‘இன் தி டார்க்’ என்ற அமெரிக்கத் தொடரின் இரண்டாவது சீசன் 2018-இல் வந்தது. நான் கேட்டவற்றில் இதற்கு மேலே வைக்க எதுவும் இல்லை. மிசிசிப்பி மாநிலத்தில் வினோனா என்று ஒரு சிற்றூர். 1996 ஜூலையில் ஒரு காலை நேரம், அங்கே ஒரு மரச்சாமான் கடையில் நான்கு பேரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அந்தக் கடையில் சில நாள்கள் மட்டும் வேலை பார்த்திருந்த கர்ட்டிஸ் ஃபிளவர்ஸ் என்ற கறுப்பின இளைஞரைக் கைது செய்தார்கள். அதன் பிறகு நடந்ததைக் கேளுங்கள். ஒரே வழக்கு, ஒரே அரசு வழக்கறிஞர், ஆறு விசாரணைகள். மரண தண்டனை விதிப்பார்கள். மேல்முறையீட்டில் அது ரத்தாகும். மறுபடியும் முதலிலிருந்து வழக்கு நடக்கும். இரண்டு முறை ஜூரிகள், அதாவது தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்படும் பொதுமக்கள் குழு, ஒருமித்த முடிவுக்கு வராமலே கலைந்தார்கள். அப்போதும் அந்த வழக்கறிஞர் விடவில்லை.

செய்தியாளர் மேடலின் பாரனின் குழு மிசிசிப்பிக்கே குடிபெயர்ந்து, மாதக்கணக்கில் அங்கே தங்கிவிட்டது. கொலை நடந்த காலையில் ஃபிளவர்ஸ் எந்தெந்தத் தெருவழியாக நடந்தார் என்று அரசுத் தரப்பு சொன்னதோ, அதே வழியில் இவர்களும் நடந்து பார்க்கிறார்கள். அவரைப் பார்த்ததாகச் சாட்சி சொன்ன ஒவ்வொருவர் வீட்டுக் கதவையும் தட்டுகிறார்கள். இத்தனை ஆண்டு கழித்து ஒரு குறிப்பிட்ட காலையில் ஒருவரைப் பார்த்தது எப்படி நினைவிருக்கிறது என்று பொறுமையாகக் கேட்கிறார்கள். ‘அவர் என்னிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டார்’ என்று கோர்ட்டில் சொல்லிவந்த சிறைக் கைதி ஒருவர், சிறையிலிருந்தே தொலைபேசியில் பேசி, அது பொய் என்று சொல்கிறார். அந்த இடத்தில் நிறுத்தி, பின்னுக்குத் தள்ளி, இன்னொரு முறை கேட்டேன். கை நடுங்கியது.

2019-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஜூரியில் கறுப்பினத்தவரைத் திட்டமிட்டு ஒதுக்கியதைக் காட்டி, 7-க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பை ரத்து செய்தது. 2020-இல் வழக்கே கைவிடப்பட்டது. ஏறக்குறைய இருபத்து மூன்று ஆண்டு சிறையில் கழித்துவிட்டார் அந்த மனிதர். எங்கள் பஸ் மஞ்சக்குப்பத்தைத் தாண்டும்போது கோர்ட்டுக்குக் கட்டுக் கட்டாகக் காகிதத்தோடு போகிறவர்களைப் பார்ப்பேன். முன்பு அவர்களைக் கூட்டமாகத்தான் பார்த்தேன். இப்போது ஒவ்வொரு கட்டிலும் என்ன இருக்கும், யாருடைய எத்தனை ஆண்டு இருக்கும் என்று மனம் போகிறது.

‘சீரியல்’ தொடரைச் சொல்லாமல் விட முடியாது. 2014-இல் பன்னிரண்டு எபிசோடுகளாக வந்து, பாட்காஸ்ட் என்ற சொல்லையே பலருக்கும் அறிமுகப்படுத்திய தொடர். 1999-இல் பால்டிமோரில் ஹே மின் லீ என்ற பள்ளி மாணவி கொல்லப்பட்ட வழக்கு. அவருடைய முன்னாள் காதலர் அத்னான் சையத் குற்றவாளியா இல்லையா என்பது கேள்வி. தொடரை நடத்தும் சாரா கோனிக் கதை சொல்லும் விதம் இழுத்துக்கொண்டு போகும், மறுக்கவில்லை. ஆனால் 2022-இல் அத்னானின் தண்டனை ரத்தான விசாரணையின்போது ஹேயின் சகோதரர் நீதிமன்றத்தில் ஒன்று சொன்னார்: இது எங்களுக்கு பாட்காஸ்ட் இல்லை, எங்கள் வாழ்க்கை. பின்னர் மேல் நீதிமன்றங்கள் அந்தத் தண்டனைத் தீர்ப்பை மறுபடி நிலைநிறுத்தின. 2025-இல், இதுவரை சிறையிலிருந்த காலமே போதும் என்று நீதிபதி முடித்துவைத்தார். இந்தத் தொடரைக் கேளுங்கள். ஆனால் அந்தச் சகோதரர் சொன்னதை மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு குற்றத் தொடரில், கொலையுண்ட பெண்ணின் தாய் அழும் குரலை ஒவ்வொரு எபிசோடின் தொடக்கத்திலும் இசையோடு சேர்த்துப் போட்டார்கள். மூன்றாவது எபிசோடிலேயே நிறுத்திவிட்டேன். ஒரு தாயின் அழுகை முகப்பு இசை ஆகக் கூடாது.

சரி, வரலாற்றுக்கு வருகிறேன். எனக்கு மிகப் பிடித்த பகுதி இது.

மைக் டங்கன் என்பவர் 2007-இல் தொடங்கி 2012-இல் முடித்த ‘தி ஹிஸ்டரி ஆஃப் ரோம்’. 179 எபிசோடுகள். ஒரே மனிதர், ஒரே குரல். ரோம் நகரம் பிறந்த கதையில் தொடங்கி, கி.பி. 476-இல் மேற்குப் பேரரசு முடிவது வரை கூட்டிப் போகிறார். முதல் எபிசோடுகளில் ஒலித்தரம் சுமார்தான். பொறுத்துக்கொள்ளுங்கள், போகப் போக நன்றாகிவிடும்.

ரோம் நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் பற்றிய எபிசோடுகளைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு நாள், பஸ் தவளக்குப்பம் தாண்டி அரியாங்குப்பத்துக்குள் நுழைந்தது. சட்டென்று நினைவு வந்தது: இந்த ஆற்றங்கரையில்தானே ரோமோடு வணிகம் நடந்த பழைய துறைமுகம் அரிக்கமேடு! 1945-இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது இத்தாலியில் செய்த சிவப்பு மட்பாண்ட ஓடுகள் கிடைத்தன. அம்போரா என்ற இரட்டைக் கைப்பிடிச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. அந்தச் சாடிகளில் ஒயினும் ஆலிவ் எண்ணெயும் வந்திருக்கின்றன. மீனை உப்பில் ஊறவைத்து எடுக்கும் ஒரு சாறும் வந்திருக்கிறது. மீனுக்குப் பஞ்சமே இல்லாத நம் கடற்கரைக்கு, அங்கிருந்து மீன் சாறு கப்பலேறி வந்திருக்கிறது என்பதை நினைக்க நினைக்க எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அரிக்கமேட்டுக்குப் போனேன். முந்தின நாள் நல்ல மழை. பழைய செங்கல் சுவர், சுற்றிலும் மரங்கள், ஆற்றிலிருந்து சேற்று வாசனை. தரையில் மழைநீர் ஓடிய தடத்தில் சிவப்பாக ஏதோ மின்னியது. குனிந்து எடுத்தேன். கண்ணாடி மணி. கேழ்வரகைவிடக் கொஞ்சம் பெரிது. நடுவே நூல் கோக்கும் துளை, துளைக்குள் மண் அடைத்திருந்தது. அரிக்கமேட்டில் இப்படிப்பட்ட மணிகளைச் செய்து கடல் கடந்து அனுப்பியிருக்கிறார்கள். உள்ளங்கையில் வைத்துச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். நீங்கள் போனாலும் அப்படியே செய்யுங்கள். அது அந்த மண்ணுக்குச் சொந்தம்.

வரலாற்றில் இன்னொன்று ‘எம்பயர்’. வில்லியம் டால்ரிம்பிளும் அனிதா ஆனந்தும் இருவராக உரையாடுகிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியைப் பற்றிய தொடக்க எபிசோடுகளிலிருந்து ஆரம்பியுங்கள். கேமராவை இந்தப் பக்கம் திருப்புகிறேன், பாருங்கள். அந்தத் திசையில், கெடிலம் ஆறு கடலைச் சேரும் பக்கம்தான் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. 1690-இல் மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயர் இதை வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டு, குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள நிலமெல்லாம் தங்களுக்கு என்று பேசிக்கொண்டார்கள். குண்டு உப்பலவாடி என்று இன்றும் ஓர் ஊர் இருக்கிறதே, அந்தப் பெயர் அப்படி வந்தது என்பார்கள். 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது, இளம் எழுத்தரான ராபர்ட் கிளைவ் மாறுவேடத்தில் தப்பி ஓடிவந்ததும் இந்தக் கோட்டைக்குத்தான். சிறுவயதில் இந்த மணலில் விளையாடியபோது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இசைக்கு ஒன்றே ஒன்று. ‘சாங் எக்ஸ்ப்ளோடர்’. ரிஷிகேஷ் ஹிர்வே 2014-இல் தொடங்கியது. இசைக்கலைஞர் தன் பாடலின் ஒவ்வொரு இழையையும் தனித்தனியே பிரித்துக் காட்டுவார்: இதோ டிரம்ஸ் மட்டும், இதோ குரல் மட்டும். கடைசியில் முழுப் பாடலும் ஒலிக்கும். கேள்வி கேட்கும் தன் குரலைப் பெரும்பாலும் வெட்டிவிடுகிறார் ஹிர்வே. அதனால் கலைஞர் நேராக நம்மிடமே பேசுவதுபோல் இருக்கும். இதைத் தொடர்ந்து கேட்டபின், திருப்பாதிரிப்புலியூர்க் கோயிலில் தவில் வாசிப்பவருக்கு அருகில் போய் நின்றேன். வலக்கை விரல்களில் கூடு மாட்டி ஒரு பக்கம் தட்டுகிறார், இடக்கையில் குச்சி. ஒரே சத்தமாகக் கேட்டுவந்தது அன்று இரண்டாகப் பிரிந்து காதில் விழுந்தது.

தமிழில் தீபிகா அருணின் ‘கதை ஓசை’யைக் கட்டாயம் கேளுங்கள். தமிழ்க் கதைகளை நிதானமாக, திருத்தமான உச்சரிப்போடு வாசிக்கிறார். என் அம்மா மொச்சை உரிக்கும்போது போட்டு வைப்பார். அப்பா அந்தக் காலத்தில் டிரான்சிஸ்டரைச் சுவர்மேல் வைத்து, ஏரியலைக் கடல் பக்கம் திருப்பி, இலங்கை வானொலியைப் பிடித்த அதே திண்ணையில்தான்.

எனக்கு ஒரு பெரிய ஆசை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736-இல் தொடங்கி 1761 ஜனவரிவரை போகிறது. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த அவர், புதுச்சேரியில் தான் கண்டதையும் கேட்டதையும் தமிழில் எழுதியது: எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள், கவர்னர் யார்மேல் கோபப்பட்டார். ஒருநாள் குறிப்புக்கு ஒரு எபிசோடு என்று, நல்ல குரல் உள்ள ஒருவர் அதை வாசித்து, இடையிடையே விளக்கமும் சொன்னால் எத்தனை நன்றாக இருக்கும்! இதைப் பார்க்கிறவர்களில் யாருக்காவது அந்த எண்ணம் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். பதிவு செய்யும் கருவி என்னிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வருகிறேன். ரங்கப்பிள்ளை வீதியில் சந்திப்போம்.